ராத்திரி ஆறு தடவை

இல்லை, உன் குவார்ட்டர்ஸ் சின்னது என்பதற்காக இல்லை. ரயில் சத்தத்தில் தூக்கம் வராது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேனே, அது பொய். மருமகள் மேல் வருத்தமா என்று கேட்டிருக்கிறாய். அந்தப் பெண் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. தாய் இல்லாதவள். தலைப்பிரசவத்துக்குப் போக அவளுக்கு ஒரு வீடு இல்லை. ஆவணியில் குழந்தை பிறக்கும்போது நான் விழுப்புரத்தில் இருக்க வேண்டும் என்று உன் கடிதத்தின் அடியில் அவளே நாலு வரி எழுதியிருந்தாள். அதைப் படித்த பிறகும் வரமாட்டேன் என்று எழுதினேன். காரணம் கேட்கிறாய். காரணம் இதுதான். நான் ராத்திரி ஐந்து தடவை எழுந்திருக்கிறேன். சிறுநீர் கழிக்க. தை மாதத்திலிருந்து. உன் குழந்தையை என் பக்கத்தில் படுக்கவைக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

இதற்கா என்று வேறு யாராவது கேட்பார்கள். நீ கேட்கமாட்டாய். ஒரு வீட்டில் ஒருவர் ராத்திரி முழுவதும் எழுந்துகொண்டே இருந்தால் அந்த வீட்டுக்கு என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். நீ அதில் வளர்ந்தவன். ஆனால் உனக்குத் தெரிந்ததில் ஒரு பகுதி நடக்காதது. அதை உனக்குச் சொன்னவள் நான். அதையும் இந்தக் கடிதத்தில் எழுதப்போகிறேன். எழுதிய பிறகு நீ என்னைக் கூப்பிடலாம், கூப்பிடாமலும் இருக்கலாம்.

நீ இரண்டாம் வகுப்பில் இருந்தபோது தொடங்கியது. உன் அப்பா அப்போது திண்டிவனத்திலிருந்து கிளியனூர் வழியாகப் புதுச்சேரிக்குப் போகும் தனியார் பஸ்ஸில் டிரைவர். முதலில் ராத்திரி இரண்டு தடவை எழுந்தார். பிறகு நாலு. அடுத்த மழைக்காலத்துக்குள் ஆறு. நம் வீட்டில் கக்கூஸ் கிடையாது. கொல்லைக் கதவைத் திறந்து, கிணற்றைச் சுற்றி, முள்வேலி வரை நடக்க வேண்டும். இருட்டில் அவருக்குக் கண் சரியாகத் தெரியாமல் போயிருந்தது. ஒருமுறை முள்ளை மிதித்தார், ஒருமுறை கிணற்று மேடையில் மோதி முழங்காலைக் கிழித்துக்கொண்டார். அதன் பிறகு நான் கூடப் போக வேண்டும் என்று ஆயிற்று. காலால் என் இடுப்பில் உதைப்பார். "எழுந்திருடி. வெளக்க எடு." அவ்வளவுதான். ராந்தலை எடுத்துக்கொண்டு முன்னால் நடப்பேன். அவர் வேலியோரம் நிற்பார். நான் வேறு பக்கம் திரும்பி நிற்பேன். திரும்பி வந்து படுப்பேன். கண் செருகும்போது மறுபடியும் உதை. வீட்டுக்குள்ளேயே ஒரு சட்டி வைத்துப் பார்த்தேன். "நான் இன்னா சீக்காளியா?" என்று கேட்டு அதைச் சுவரில் அடித்து உடைத்தார். ஒரு ஓட்டுத் துண்டு என் புருவத்தில் பட்டது. மறுநாள் நெற்றியில் துணி கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். படியில் விழுந்துவிட்டேன் என்று மற்ற டீச்சர்களிடம் சொன்னேன். நல்ல பொய்யாக ஒன்று யோசிக்கக்கூட முடியவில்லை.

எல்லோரும் சூடு என்றார்கள். உனக்கு ஞாபகம் இருக்கும், அந்த பஸ்ஸில் இஞ்சின் டிரைவர் காலுக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் அந்த அனலில் உட்கார்ந்தால் உடம்பு சூடாகாமல் என்ன செய்யும்? சூட்டுக்குத்தான் தண்ணீர் தாகம், சூட்டுக்குத்தான் ஒண்ணுக்கு, சூட்டுக்குத்தான் உடம்பு இளைக்கிறது. எனக்கும் அது சரியாகப் பட்டது. சூட்டுக்கு மருந்து நம் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். பனையேறுகிறவர் காலையில் கொண்டுவரும் பதநீரில் ஒரு சொம்பு வாங்கி வைப்பேன். அவர் வண்டிக்குப் போகும் முன் குடிப்பார். பதநீர் இல்லாத மாதங்களில் பனைவெல்லத்தைக் கரைத்து, ஏலம் தட்டிப் போட்டு, பாட்டிலில் ஊற்றிக் கொடுத்து அனுப்புவேன். என்னை உதைத்த காலுக்கு, விடிந்ததும் நானே அந்தச் சொம்பை நீட்டினேன். அன்பா, பயமா என்று இப்போது பிரிக்க முடியவில்லை. இரண்டு வருஷம் கொடுத்தேன். கொடுக்கக் கொடுக்கத் தாகம் அதிகமாயிற்று. வேலியோரம் எறும்பு மொய்த்தது. நான் அதைப் பார்த்தேன். சாம்பல் போட்டு எறும்பைக் கொன்றேன்.

அவர் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினால் ஒண்ணுக்குப் போவதும் நிற்கும் என்று ஒருநாள் எனக்குத் தோன்றியது. பொழுது சாய்ந்ததும் தண்ணீர்ப் பானையைச் சமையல் அறைக்குள் வைத்துப் பூட்டினேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். முதலில் கேட்டார். பிறகு கெஞ்சினார், அந்த மனிதர் என்னிடம் கெஞ்சியது அதுவே முதல் தடவை. நாக்கு ஒட்டிக்கொண்டு பேச்சு குழறியது. "ஒரு வாய் குடுடி. ஒரு வாய்." நான் கொடுக்கவில்லை. எனக்குத் தூக்கம் வேண்டியிருந்தது. அவர் கதவை உடைத்தார். குனிந்து பானையில் வாய் வைத்துக் குடித்தார், மாடு குடிப்பதுபோல. பிறகு என் கொண்டையைப் பிடித்து, "நீயும் குடி" என்று என் முகத்தை அதற்குள் அமுக்கினார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மூக்கில் தண்ணீர் ஏறியது. பானை உடைந்ததால் பிழைத்தேன். நீ எழுந்து வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உன் நிஜாரிலிருந்து கால் வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து நீயும் பாயை நனைக்க ஆரம்பித்தாய்.

உன் அப்பாவைப் பற்றி எழுதுவது சுலபமாக இருக்கிறது. கை தயங்காமல் ஓடுகிறது. என்னைப் பற்றி எழுத வேண்டிய இடம் வந்துவிட்டது. தூக்கம் இல்லாமல் போனது அவருக்கு மட்டும் இல்லை. அவராவது நின்று முடித்துப் படுத்தவுடன் தூங்கிவிடுவார். நான் அடுத்த உதைக்காக விழித்திருப்பேன். பள்ளியில் கரும்பலகையில் எழுதும்போது எழுத்து தானாகக் கீழே இறங்கும். பிள்ளைகளின் சத்தம் ஊசிபோலக் காதில் இறங்கும். ஒருநாள் ஏழாம் வாய்ப்பாட்டில் தடுமாறிய ஒரு பெண்ணை அடித்தேன். மர ஸ்கேல் உடைந்தது. உடைந்த துண்டாலும் அடித்தேன். ஹெட்மிஸ்ட்ரஸ் வந்து என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். அந்தக் கையைப் பார்த்தபோது வேறு யாருடைய கை போலவோ இருந்தது என்று எழுதினால் எனக்குச் சௌகரியம். அப்படி இல்லை. என் கைதான். அடிக்கும்போது எனக்குச் சுகமாக இருந்தது.

அதற்குப் பிறகு பத்து நாள் இருக்கும். ஐந்தாவது தடவை வேலிக்குப் போய்விட்டு உள்ளே வந்தேன். கொல்லைக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்புவதற்குள் உன் அப்பா படுத்துக் குறட்டை விட ஆரம்பித்திருந்தார். ராந்தல் என் கையில் இருந்தது. பாயில் காலை வைத்தேன். ஈரம். நீ அதிலேயே சுருண்டு, சட்டை இல்லாமல், வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாய். பாயை மாற்ற வேண்டும், துணியை அலச வேண்டும், உன்னைத் துடைக்க வேண்டும், அதற்குள் ஆறாவது உதை வந்துவிடும். இதெல்லாம் வரிசையாக மனத்தில் ஓடியது. ராந்தலின் கண்ணாடி உன் இடது தோளில் பட்டுவிட்டது என்று இவ்வளவு வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படவில்லை. வைத்தேன். மூன்று எண்ணுகிற நேரம் எடுக்காமல் வைத்திருந்தேன். தோல் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. நீ கத்தினாய். உன் அப்பா துள்ளி எழுந்தார். தூக்கக் கலக்கத்தில் நீ பார்த்தது புகையையும், தலைக்கு மேலே நின்ற அவரையும்தான். நான் அப்போதே சொன்னேன், மூச்சு வாங்காமல், வாய் குழறாமல்: "உங்க அப்பாதான். காலால வெளக்க ஒதச்சிட்டாரு."

அவர் மறுக்கவில்லை. அந்த ராத்திரிகளில் என்ன செய்தோம் என்பது அவருக்குப் பாதி ஞாபகம் இருக்காது. குனிந்து தன் காலைப் பார்த்தார். வலது கால், பிறகு இடது கால். காலில் சூடு பட்ட அடையாளம் எதுவும் இல்லை. அதையும் பார்த்தார். பிறகு உன்னைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு வைத்தியர் வீட்டுக்கு ஓடினார். நான் பாயை அலசினேன்.

மகனே, ஒரு நிமிஷம் இந்தத் தாளைக் கீழே வைத்துவிட்டுப் பிறகு படி. இதற்கு மேல் இருப்பது அவ்வளவு கஷ்டமில்லை.

அந்த மாதமே மஜீத் பாய் வீட்டுக்கு வந்தார். கோட்டக்குப்பத்துக்காரர், அப்பாவின் வண்டியில் கண்டக்டர். உனக்கு டிக்கெட் கட்டின் அடித்தாள் கொண்டுவந்து கொடுப்பாரே, அவர். சட்டையில் ரத்தம். வாசலிலேயே நின்றார்.

"அண்ணி, பயப்படாதீங்க. அண்ணனுக்கு ஒண்ணுமில்ல. இன்னொருத்தனுக்குத்தான்."

"யாருக்கு பாய்?"

"பாண்டியில ஊத்திக்கினு ஏறுனவன் ஒருத்தன். அண்ணன் கிளியனூர் தாண்டி மூணாவது தபா வண்டிய நிறுத்திட்டு எறங்குனாரு. இவன் ஜன்னல்ல தலய நீட்டி, 'யோவ் டிரைவரு, ஊருக்கு ஊரு வயல்ல பாய்ச்சிக்கினே போறியே, வெளஞ்சா எங்களுக்கும் ஒரு மூட்ட குடு'ன்னான். வண்டியே சிரிச்சிது. நானும் சிரிச்சிட்டேன் அண்ணி. அதான் தப்பு. அண்ணன் என்னையும் பாத்தாரு."

அப்பா முன்னால் போய், இஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் இரும்பு ஹேண்டிலை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குள் ஏறியிருக்கிறார். முதல் அடி வாயில். இரண்டாவது தோள்பட்டையில். மூன்றாவது அடிக்கு ஓங்கியபோது நாலு பேர் கையைப் பிடித்தார்கள்.

"பல்லு மூணு போச்சு. நான்தான் பொறுக்குனேன். எங்க வெக்கிறதுன்னு தெரியல, டிக்கெட் பையில போட்டேன். இன்னும் அதுலதான் இருக்குது," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "கேக்கக் கூடாது, கேக்குறேன். அண்ணன் ஒண்ணுக்குப் போற எடத்துல எறும்பு மொய்க்குதா?"

"மொய்க்குது."

"எம் மாமனாருக்கு அப்படித்தான் இருந்துச்சு. சக்கர வியாதி அண்ணி. நாங்களும் சூடு சூடுன்னு சொல்லிக்கினே இருந்தோம்."

"நான் சூட்டுக்குப் பதநீர் குடுக்கறேன் பாய்."

அவர் என்னைப் பார்த்தார். "எத்தினி நாளா?"

"ரெண்டு வருஷமா."

"நிறுத்திடுங்க. ஜல்தியா நிறுத்திடுங்க. பெரிய பேஜாரு பண்ணி வெச்சிருக்கீங்க அண்ணி."

அன்று ராத்திரி உன் அப்பா போலீஸ் லாக்கப்பில் இருந்தார். ஆறு தடவை கதவைத் தட்டியிருக்கிறார். இரண்டு தடவைக்குப் பிறகு யாரும் திறக்கவில்லை. மூலையில் போனதற்கு அடித்திருக்கிறார்கள். காலையில் ஈர வேட்டியோடு வீட்டுக்கு வந்து, கிணற்றடியில் உட்கார்ந்து, நான் ஊற்ற ஊற்றத் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். முதுகில் கோடு கோடாக இருந்தது. எனக்குப் பரிதாபம் வந்தது என்று எழுத ஆசை. நான் எண்ணினேன். ஏழு கோடு.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் அப்பாவின் சிறுநீரைச் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். நீலம் பச்சையாயிற்று, மஞ்சளாயிற்று, கடைசியில் செங்கல் நிறத்தில் நின்றது. என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார். சொன்னேன். பதநீரையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "அம்மா, இன்னும் ஆறு மாசம் இதையே கொடுத்திருந்தா நீங்க இங்க அழைச்சிக்கிட்டு வரவேண்டிய வேலையே இருந்திருக்காது" என்றார். ராத்திரி எழுந்திருப்பது தனி நோய் இல்லை, உடம்பு சர்க்கரையை வெளியே தள்ளப் பார்க்கிறது, தண்ணீர் அதனோடு போகிறது, அதனால் தாகம், அதை நிறுத்தப் பானையைப் பூட்டினால் ஆள் செத்துவிடுவார் என்று பொறுமையாகச் சொன்னார். பூட்டியதை நான் சொல்லியிருக்கவில்லை. எல்லோர் வீட்டிலும் பூட்டுவார்கள்போல.

காலையும் மாலையும் ஊசி. அதை நான்தான் போட வேண்டும். நர்ஸ் எனக்குக் கத்தரிக்காயில் குத்திப் பழக்கினார். மருந்துப் பாட்டிலை ஈர மணல் நிரப்பிய பானையில் புதைத்து வைத்தேன். ஊசியையும் கண்ணாடிக் குழலையும் வெந்நீரில் கொதிக்கவைப்பது, எடுப்பது, அளவைப் பார்ப்பது, காற்றை வெளியே தள்ளுவது. நீ தூரத்தில் நின்று பார்ப்பாய். முதல் நாள் அவர் தொடையில் ஊசியை இறக்கியபோது அவர் முகம் சுருங்கியது. என் உடம்பு முழுக்க இனித்தது. ஊசி மழுங்கினால் சாணைக்கல்லில் தீட்ட வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். நான் மூன்று வாரம் தீட்டவில்லை. மழுங்கிய ஊசியை அழுத்தித்தான் ஏற்ற வேண்டும். ரத்தம் வரும், இடம் கன்றிப்போகும். அவருக்குத் தெரிந்திருக்கும், இஞ்சின் வேலை தெரிந்தவருக்கு முனை மழுங்கியது தெரியாதா? ஆனாலும் காலை நீட்டினார். ஒருநாள் காலையில் அந்த ஊசியைக் கல்லில் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏன் அன்றைக்குத் தீட்டினேன் என்றால், அதற்கு முந்தைய ராத்திரி நான் தூங்கியிருந்தேன்.

ஆறு நாலாயிற்று. நாலு இரண்டாயிற்று. சோற்றைக் குறைத்துக் கேப்பைக் களி தின்றார். முகம் சுளித்துக்கொண்டு பாகற்காய் தின்றார். ஒரு ராத்திரி நான் பழக்கத்தில் விழித்தேன். உதை வரவில்லை. ராந்தலைத் தூண்டிக் காத்திருந்தேன். வரவில்லை. செத்துவிட்டார் என்று நினைத்து மூக்கருகே விரலை வைத்தேன். கண்ணைத் திறந்தார்.

"இன்னா?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா படு."

படுத்தேன். விடியும் வரை யாரும் எழவில்லை. அப்படி ஒரு ராத்திரியில் வீட்டில் என்னென்ன சத்தம் கேட்கும் என்றுகூட எனக்கு மறந்திருந்தது. அதற்கப்புறம் வந்த நாட்களை நீயும் பார்த்தாய். வண்டிக்கார முதலாளி ஸ்டியரிங் தரவில்லை, ஷெட்டில் வண்டி கழுவும் வேலை கொடுத்தார். அதைச் சிரித்துக்கொண்டே செய்தார். அரை வருஷம் கழித்து மறுபடியும் தடத்தில் விட்டார்கள். பல் போனவனைத் தேடிப் போய் அவன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார். மஜீத் பாய், "அண்ணன் இப்ப பாண்டி போறவரைக்கும் எறங்கறதே இல்ல, வயலெல்லாம் காயுது" என்று சொல்லி அவரையே சிரிக்கவைத்தார். என்மேல் அவர் கை மறுபடியும் விழவில்லை. சாகும்வரை விழவில்லை. நீயும் பாயை நனைப்பதை நிறுத்தினாய். எத்தனை பேருடைய வாழ்க்கை அந்த ஒரு சின்னப் பாட்டிலில் இருந்தது என்று அப்போது ஆச்சரியப்பட்டேன். பிறகு கோபம் வந்தது. ஊசி போட்டதும் நல்லவராகிவிட்டார் என்றால், என் முகத்தைப் பானையில் அமுக்கியது யார்? அவர் இல்லையா? வியாதியா? வியாதிக்குக் கை உண்டா? ரொம்ப நாள் இதையே யோசித்தேன். அவரை விடுவிக்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். அவரை விடுவித்தால் உன் தோளில் இருப்பதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வி என்னிடம் வந்துவிடும்.

உனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுக்க வந்தார். நீ பக்கத்து வீட்டுப் பையனிடம் கற்றுக்கொண்டாய். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உனக்கு இடம் போட்டு வைப்பார். நீ கடைசி சீட்டில் போய் உட்காருவாய். கல்லூரிக்கு உன்னை அனுப்ப விழுப்புரம் ஜங்ஷன் வரை வந்தோமே, அந்த நாள். பிளாட்பாரத்தில் அவர், "தம்பி, அந்தத் தோளு..." என்று தொடங்கினார். நீ டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "வண்டி வந்துட்டுது" என்றாய். வண்டி வந்திருக்கவில்லை. நான் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு வாக்கியம் போதும். இட்லிப் பொட்டலத்தை உன் கையில் கொடுத்தேன்.

காலில் ஆணி குத்திப் புண் ஆறாமல் கறுத்து, மார்கழியில் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கடைசிக்கு இரண்டு நாள் முன்பு கேட்டார். "அவன் தோள்ல... நான்தான?" எனக்கு இன்னொரு சந்தர்ப்பம் கிடைத்தது. மகனே, ஒரு மனிதன் சாகிற நேரத்தில் என்னிடம் அதைக் கேட்டான். நான் போர்வையை இழுத்துவிட்டு, "தூங்குங்க" என்றேன். நீ வந்து கொள்ளி வைத்தாய். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. ஊரே உன்னைக் கல்நெஞ்சுக்காரன் என்றது. அதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது எனக்கு. முதலில் வயது என்று நினைத்தேன். பெண்களுக்கு நாற்பதைத் தாண்டினால் வரும், யாரிடமும் சொல்லிக்கொள்ளாதே என்று பள்ளியில் ஒரு டீச்சர் சொன்னாள். நீல மருந்து என்ன நிறமாகும் என்பதைப் பார்க்க தைரியம் இல்லை. ஒரு ஆண் டாக்டரிடம் போய் இதைச் சொல்ல வாய் வரவில்லை. தானாகச் சரியாகும் என்று ஏழு மாதம் ஓட்டிவிட்டேன். போன வாரம் மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையில் மரக்கட்டை டஸ்டர். எறிந்தேன். காதில் பட்டு ரத்தம் வந்தது. அவள் அழவில்லை, என் கையைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்த பார்வை அது. அன்று சாயங்காலம்தான் மருமகளின் நாலு வரியை மறுபடியும் எடுத்துப் படித்தேன்.

குழந்தை பிறந்த வீட்டில் யாரும் தூங்கமாட்டார்கள். அதனால் இதைக் கேள். ராத்திரி குழந்தை அழுதால் அவள்தான் எழ வேண்டும் என்று இருக்காதே. பாதி உன்னுடையது. அவள் மூன்று நாள் தூங்காமல் இருக்கிறாள் என்று தெரிந்தால், நாலாவது நாள் குழந்தையை நீ வாங்கிக்கொண்டு வெளியே போ. உனக்கே தூக்கம் இல்லையென்றால் கையில் எதையும் வைத்துக்கொள்ளாதே. கோபம் நியாயமாகத் தோன்றும்; அப்போது எல்லாமே நியாயமாகத் தோன்றும். வீட்டில் யாராவது ராத்திரி அடிக்கடி எழுந்தால் சூடு என்று சொல்லாதே, கேலி செய்யாதே, தண்ணீரை ஒளித்து வைக்காதே, டாக்டரிடம் அழைத்துப் போ. உன் அப்பாவுக்கு இருந்தது உனக்கும் வரலாம். சட்டையைக் கழற்றி உன் மனைவியிடம் அந்தத் தழும்பைக் காட்டி, யார் வைத்தது என்று சொல். இந்தக் கடிதத்தையே படித்துக் காட்டினாலும் சரி. அவள் குழந்தைக்கு அருகில் நான் வரலாமா என்பதை அவள் சொல்லட்டும். நீ சொல்ல வேண்டாம். நீ என் மகன், பாவம் பார்ப்பாய்.

இதுவரை எழுதி, நிறுத்தி, இரண்டு நாள் ஆயிற்று.

இன்று லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெண்கள் வரிசை நீளமாக இருந்தது. என் பள்ளிப் பிள்ளைகளின் அம்மாக்கள் மூன்று பேர் எனக்குப் பின்னால் நின்றார்கள். மேஜைக்கு முன் வந்ததும் சீட்டு எழுதுகிறவர் தலையைத் தூக்காமல், "என்னா ஒடம்புக்கு?" என்றார். ராத்திரி ஐந்து தடவை ஒண்ணுக்கு எழுந்திருக்கிறேன் என்றேன். அவருக்குக் காதில் விழவில்லை. சத்தமாகச் சொன்னேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். பிள்ளைகளை அடிக்கிறேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒரு வெறும் பாட்டிலைக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு, அவர் காட்டிய கதவுக்குள் போனேன்.